செவலையும் கிளிக்கரும்: மூன்று வருட அனுபவம்

செவலை வீட்டுக்கு வந்தபோது ஐந்து மாதக் குட்டி. கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊரான முட்டம் பக்கம் ரோட்டோரம் கிடந்த நாட்டு நாய். வந்த மாதமே கிளிக்கர் வாங்கிப் பழக்கத் தொடங்கினேன். இப்போது மூன்று வருடம் தாண்டிவிட்டது. வாங்கிய ஒரு வாரத்தில் எழுதும் பாராட்டுகள் நிறைய கிடைக்கின்றன. நாள்பட்ட அனுபவம் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிளிக்கர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு உலோகத் தகடு. அழுத்தினால் ‘டிக்’, விட்டால் ‘டக்’. நாய்க்கு அந்தச் சத்தத்தில் முதலில் ஒன்றுமே கிடையாது. நாம்தான் அர்த்தம் ஏற்றவேண்டும்: ஒரு டிக், உடனே ஒரு துண்டுத் தீனி, மறுபடி டிக், மறுபடி தீனி. செவலை இரண்டாம் நாளே சத்தம் கேட்டதும் என் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். அதன்பிறகு அந்த டிக் அவளுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த நொடியில் நீ செய்தாயே, அதற்குக் கூலி உண்டு.

இந்த முறை புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரீலண்ட், மரியன் பிரீலண்ட் தம்பதி 1940களிலேயே விலங்குகளைப் பழக்க இப்படிச் சத்தத்தைப் பயன்படுத்தினார்கள். பிறகு டால்பின்களுக்கு விசில் வந்தது. நம் மீனவர்கள் ஓங்கல் என்பார்களே, அதுதான் டால்பின். தூரத்தில் துள்ளும் ஓங்கலின் வாயில் அந்த நொடியே மீனைப் போட முடியாது. விசிலை ஊத முடியும். டால்பின் பயிற்சியாளராக இருந்த கேரன் பிரையர்தான் 1990களில் நாய் வளர்ப்பவர்களிடம் கிளிக்கரைப் பரவலாகக் கொண்டுசேர்த்தவர்.

என் பெரிய தவறு நேரத்தில்தான். ஆள் வந்தால் மேலே தாவுவாள். நாலு காலும் தரையில் இருக்கும்போது டிக் அடிக்கவேண்டும். அடித்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு வாரமாகியும் தாவல் குறையவில்லை, கூடியது. ஒருநாள் போனைத் திண்ணையில் சாய்த்துவைத்து வீடியோ எடுத்துப் பார்த்தேன். அவள் கால்கள் தரையைத் தொடுகின்றன, என் கை தீனிப் பைக்குள் போகிறது, அவள் மறுபடி எழும்புகிறாள், அப்போது டிக். எழும்புவதற்குத்தான் நான் கூலி கொடுத்திருக்கிறேன்! டிக் அடிக்கும் முன்பே கை பைக்குப் போனதும் தவறு. அவள் சத்தத்தை விட்டுவிட்டுக் கையைக் கவனித்தாள். அப்புறம் நாயில்லாமல் நான் தனியாகப் பழகினேன். ரப்பர் பந்தைத் தரையில் தட்டி, அது தரையைத் தொடும் நொடியில் டிக். மூன்று நாள் இதே வேலை. அதன்பிறகு ஒரே வாரத்தில் தாவல் பாதியாகக் குறைந்தது.

அம்மா கிளிக்கரை நாயைக் கூப்பிடும் மணி என்று நினைத்துவிட்டார். “மக்களே, இதை அமுக்கினா ஓடி வாறாளே” என்று சந்தோஷமாகச் சொன்னார். “வருவா அம்மா, வந்து ஒண்ணும் கிடைக்கலேன்னா நாளைக்கு வரமாட்டா” என்றேன். தவறி அமுக்கினாலும் தீனி கொடுத்தே ஆகவேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் நான் இன்றுவரை வளைந்து கொடுத்ததில்லை.

தீனி நான் வெளியே வாங்குவதில்லை. உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல், அல்லது முள் எடுத்த சாளை மீன். துண்டு சுண்டல் கடலையில் பாதி இருந்தால் போதும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். கொடுத்த அளவை இரவுச் சாப்பாட்டில் குறைத்துவிடுவேன்.

மிகவும் பலன் கொடுத்தது மீன்கார அண்ணன் விஷயத்தில். காலையில் பின்னால் பெட்டி கட்டிய மொபெட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டே வருவார். செவலை கேட்டில் ஏறி நின்று குரைப்பாள். வாயைப் பொத்துவதும் அதட்டுவதும் ஒன்றும் நடக்கவில்லை. அதனால் கேட்டிலிருந்து விலகி, கிணற்றடியில் அவளோடு நின்றேன். ஹார்ன் கேட்கிறது, காது நிமிர்கிறது, இன்னும் குரைக்கவில்லை. அந்த இடைவெளியில் டிக், ஈரல். முதல் நாள் ஐந்தாறு தடவை கிடைத்தது, பிறகு குரைத்துவிட்டாள். சரி, அன்றைக்கு அவ்வளவுதான். நாளுக்கு இரண்டடி கேட்டை நோக்கி நகர்ந்தோம். ஒன்றரை மாதம் ஆனது. இப்போது ஹார்ன் கேட்டால் வண்டியை ஒருதடவை பார்த்துவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாள். அதற்குக் கிளிக்கர் தேவைப்படுவதில்லை. பழகிய காரியத்துக்கு ஒரு தட்டிக்கொடுப்பு போதும். கிளிக்கர் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் காலத்துக்குத்தான்.

பொருளைப் பற்றிச் சொல்லவேண்டிய குறை, துரு. திண்ணையில் தொங்கவிட்டதை உப்புக்காற்று எட்டு மாதத்தில் தின்றுவிட்டது. தகடு சிவந்து, டிக் மந்தமாகி, ஒருநாள் சத்தமே வரவில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் மூடிய டப்பாவில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள், ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். சத்தத்துக்கு மிரளும் நாயென்றால் துணியில் சுற்றி அமுக்கலாம். பால்பாயிண்ட் பேனாவின் டிக்கும் போதும்.

கிளிக்கர் கெட்ட அந்த வாரத்தில்தான் டிக்குக்குப் பதிலாக வாயால் சொல்லும் குறிப்புக்கு வந்தேன். முதலில் வைத்த சொல் ‘கொள்ளாம்’, அதாவது ‘நன்றாக இருக்கிறது’. நம் ஊரில் குழம்புக்கும் கொள்ளாம், சட்டைக்கும் கொள்ளாம். ஒவ்வொரு தடவையும் செவலை எழுந்து வந்து நிற்பாள், ஒன்றும் கிடைக்காது. பத்து நாளில் அந்தச் சொல்லை அவள் மதிக்கவில்லை. வீட்டில் யாரும் வேறெதற்கும் சொல்லாத ‘டிப்’ என்பதை வைத்தபிறகு சரியானது. நடக்கும்போது இரண்டு கையும் சங்கிலியில் இருந்தால் இதுதான் வசதி. ஆனால் நுணுக்கமான காரியத்துக்கு நான் இன்றும் கிளிக்கரையே எடுக்கிறேன். என் குரலில் சலிப்பும் கோபமும் கலந்துவிடும், அதில் கலக்காது.

இது உதவாத இடமும் உண்டு. திருவிழா வெடிக்கு அவள் நடுங்குவாள். அந்த நேரம் ஈரலைக்கூட முகரமாட்டாள். தீனி எடுக்காத நாய்க்கு டிக் வெறும் சத்தம். கதவைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்போது நகம் வெட்டப் பழக்குகிறோம். நகவெட்டியைத் தரையில் வைத்தால் டிக், பாதத்தைத் தொட்டால் டிக், நகத்தில் நகவெட்டி பட்டால் டிக். காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுவேன். மூன்று வாரத்தில் முன்னங்காலில் இரண்டு நகம் வெட்டியிருக்கிறோம்.