கைத்திருகில் ஓரியன்: மூன்று தை மாதங்களின் அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தை மொட்டை மாடியிலிருந்து எடுத்த நட்சத்திரப் படங்களில் நகர வெளிச்சத்தால் வானம் செம்மஞ்சளாகவே விழுந்ததால், மூன்று வருடங்களாகத் தை, மாசி அமாவாசைகளை ஒட்டி நுவரெலியாவுக்குக் கமராவுடன் போய்வருகிறேன். மார்கழித் திருவாதிரை நாளில் முழுநிலவு ஓரியன் நட்சத்திரக் கூட்டத்திலுள்ள அந்த நட்சத்திரத்துக்கு அருகிலேயே நிற்பதால், அந்த வாரம் படப்பிடிப்புக்கு உதவாது.

நான் பயன்படுத்துவது, 1975இல் ஜோர்ஜ் ஹேக் என்பவர் அறிமுகப்படுத்திய 'பார்ன் டோர்' (கொட்டில் கதவு) முறையில், நட்சத்திரங்களின் நகர்வோடு கமராவையும் திருப்ப நானே செய்த கருவி: இரண்டு பலகைகள், புறக்கோட்டையில் வாங்கிய பிணைச்சல், 6 மில்லிமீற்றர் திருகாணி. சுற்றுக்கு 1 மில்லிமீற்றர் ஏறும் அத்திருகாணியைப் பிணைச்சலிலிருந்து 228.6 மில்லிமீற்றர் தூரத்தில் பொருத்தி நிமிடத்துக்கு ஒரு சுற்றுத் திருப்பினால், கமரா நிற்கும் மேற்பலகை பூமியின் சுழற்சிக்கு ஈடாக விரியும். மோட்டார் கிடையாது, மணிக்கூட்டின் செக்கன் முள்ளோடு சேர்ந்தே விரலும் நகர வேண்டும்.

பிணைச்சலின் அச்சை வானின் வடதுருவத்துக்கு நேராக வைப்பதுதான் பெரும்பாடு. இங்கு துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 7 பாகை உயரத்திலேயே நிற்பதால், மலையோ மூடுபனியோ மறைக்காத இரவுகள் எனக்கு இரண்டே வாய்த்தன. மற்றைய இரவுகளில் திசைகாட்டியால் வடக்கைப் பிடித்து, ஒரு படம் எடுத்துப் பார்த்துத் திருத்துவதிலேயே அரை மணித்தியாலம் போய்விடும்.

திருவாதிரை தலைக்கு நேர்மேலே கடக்கும் நம் ஊரில் ஓரியனைத்தான் முதலில் எடுக்கத் தோன்றும். ஆனால் அதன் இடைவார் நட்சத்திரங்கள் வான நடுக்கோட்டை (பூமத்திய கோட்டுக்கு நேர்மேலே உள்ள வட்டத்தை) ஒட்டி விரைவாக நகர்வதால், விரலின் தடுமாற்றம் அங்கேதான் முதலில் அகப்படும். கருவி இல்லாமல் 50 மில்லிமீற்றர் லென்ஸில் 10 செக்கன்களுக்குள் கோடாகிவிடும் நட்சத்திரங்கள், இதில் 3 நிமிடம்வரை புள்ளியாக நிற்கின்றன. பத்துப் படங்களில் ஆறு தேறும். இன்னும் பெரிதாக்கிக் காட்டும் 135 மில்லிமீற்றர் லென்ஸில் ஒன்றுகூடத் தேறவில்லை. நேரான திருகாணி என்பதால் திறப்பு அகல அகல வேகம் பிசகும். ஆகவே ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் பலகையை மூடிவிடுகிறேன்.

குளிரில் விரல் மரத்துவிடும்; கையுறை போட்டாலோ திருகின் பிடி தெரியாது. எனவே வலக்கையின் இரு விரல் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டேன். பனித்துளி லென்ஸை மூடிய முதல் வருடம் வெந்நீர்ப் போத்தலைக் கட்டினேன். அதன் பாரம் கமராவைச் சரித்தது. இப்போது ஒத்தடத்துக்குச் செய்வதுபோல உப்பை வறுத்துத் துணியில் முடிந்து லென்ஸைச் சுற்றிக் கட்டுகிறேன். ஒரு மணித்தியாலம் தாங்குகிறது.

கொழும்பின் ஈரப்பதத்தில் பலகை ஊதித் திருகாணி இறுகுவதும், பிணைச்சல் தளர்ந்து ஆடுவதும் மட்டுமே இதுவரை கண்ட பழுதுகள். முதலாவதற்கு மெழுகுதிரியைத் தேய்த்தேன். பிணைச்சலை இரண்டாம் வருட முடிவில் மாற்ற வேண்டியதாயிற்று.