பழைய அம்பாசடருக்கு எவர்சில்வர் சைலன்சர்: மூன்று வார லீவில் முடியுமா?

ஷெட்டில் அம்பாசடரோ பத்மினியோ நிற்கிற வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து டிசம்பர் லீவில் போய் இறங்கினால் காதில் விழும் முதல் புகார் ஒன்றுதான். "சைலன்சர் மறுபடி ஓட்டை. போன வருஷந்தானே மாத்தினோம்?" மாற்றியது உண்மைதான். அதைக் கெடுத்தது மெக்கானிக் இல்லை, வாரத்துக்கு ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைக்கிற நல்ல பழக்கம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். இருபது கிலோமீட்டர் ஓடிய வண்டியில் சைலன்சர் முழுக்கச் சூடாகிவிடுவதால் ஆவி வெளியே போய்விடும். ஐந்து நிமிஷத்தில் முன் பைப்தான் சூடாகும். பின்னால் இருக்கும் சைலன்சர் டப்பா ஜில்லென்று இருக்க, ஆவி அதற்குள் தண்ணீராகி, புகையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து அடியில் தேங்கும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். சாதா இரும்புத் தகடு உள்ளேயிருந்து அரிப்பதால், வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே தரைப் பக்கம் விரல் நுழையும். தினம் ஓடுகிற டாக்ஸியின் இரும்பு சைலன்சர் இதைவிட அதிக நாள் தாங்கும். ஆகவே எவர்சில்வர் எனும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) செலவுக்கு நியாயம் இருப்பது அதிகம் ஓடாத இந்த ஷெட் வண்டிக்குத்தான்.

சென்னையில் சைலன்சர் என்றால் எல்லாரும் ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் கை காட்டுவார்கள். அங்கே கிடைப்பது இரும்பில் ரெடிமேட். அம்பாசடர் 2014-ல் நின்றுபோன வண்டி, அதற்கு எஸ்.எஸ். சைலன்சரைக் கடையில் தொங்கவிட்டு வைத்திருக்க மாட்டார்கள், செய்துதான் வாங்க வேண்டும். குழாய்க்குப் பாரிமுனை செம்புதாஸ் தெரு. ஒட்டுவதற்கு ஆர்கான் வெல்டர், அதிலும் ஓட்டல் கிச்சன் சாமானோ பால் பண்ணை டேங்கோ செய்கிறவர் கிடைத்தால் நல்லது. மாட்டுவதற்குப் பள்ளம் வைத்த பழைய மெக்கானிக் ஷாப். மூன்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் பெரும்பாலும் மாடிப்படிக் கைப்பிடி செய்கிறவராக இருப்பார். அவர் கை சுத்தமாக இருக்கலாம். ஆனால் அவரிடம் இருக்கும் குழாய் இந்த வேலைக்கு ஆகாது.

"அண்ணே, இது முன்னூத்தி நாலா, இருநூத்தி ரெண்டா?"

"சார், எல்லாம் எஸ்.எஸ். தான். காந்தம் ஒட்டாது, பாருங்க."

இந்தப் பதிலில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். 304, 202 எல்லாம் எஸ்.எஸ். வகைகளின் (கிரேடு) எண்கள். 304-இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-இல் நிக்கலைப் பாதியாகக் குறைத்து மாங்கனீசை ஏற்றியிருப்பார்கள். கடைக்காரர் 'ஜே4' என்று சொல்வதில் நிக்கல் ஒரு சதவீதம் அளவுக்குத்தான். மூன்றிலும் காந்தம் ஒட்டாது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் 202 போதும். அமிலத் தண்ணீர் தேங்குகிற இடத்தில், அதிலும் கடற்காற்று அடிக்கிற சென்னையில், அது புள்ளி புள்ளியாக அரித்துக்கொண்டு போகும். வித்தியாசம் காட்ட சொட்டு மருந்து விற்கிறது: குழாயைத் துடைத்து ஒரு சொட்டு விட்டு, சிறிய பேட்டரியைச் சில விநாடி வைத்தால், மாங்கனீசு கூடிய 202, ஜே4 போன்ற இருநூறு வரிசை சிவக்கும், 304 அப்படிச் சிவக்காது. செம்புதாஸ் தெருவில் விவரமான கடைகளில் இந்தப் பாட்டில் மேஜை மேலேயே இருக்கும். எடுக்கத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். குழாய் மேல் அச்சிட்ட ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளலாம். இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால், கிண்டி, அம்பத்தூர் பக்கம் உள்ள சோதனைக் கூடங்களில் ஒரு துண்டு கொடுத்தால் கலவை விவரத்தைத் தாளில் தந்துவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. காந்தம் ஒட்டினால் போலி என்று தூக்கி எறிவது. கம்பெனிகள் புது கார் சைலன்சருக்குப் போடும் 409 என்ற எஸ்.எஸ். வகை காந்தத்தில் ஒட்டும். குரோமியம் 11 சதவீதம் அளவில்தான் இருக்கும், மேலே பழுப்பேறும், ஆனால் பல வருஷம் உழைக்கும். கிடைத்தால் தாராளமாகப் போடலாம். சில்லறையில் குழாயாகக் கிடைப்பது அரிது என்பதால்தான் 304 பக்கம் போகிறோம். சேலம் உருக்காலை பக்கத்திலேயே இருப்பதால் 304 தகட்டுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

அடுத்த குழப்பம் அளவு. கடையில் 'ஒன்றரை இன்ச்' என்று மொட்டையாகக் கேட்டால், பிளம்பிங் கணக்கில் என்.பி. (பெயரளவு உள் விட்டம்) பைப்பை எடுத்துப் போடுவார்கள். அதன் வெளி விட்டம் 48.3 மி.மீ. காருக்கு வேண்டியது ஓ.டி. (வெளி விட்டம்) கணக்கு, அதில் ஒன்றரை இன்ச் என்றால் 38.1 மி.மீ. வெட்டிய குழாயைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். பழைய பைப்பின் துரு இல்லாத இடத்தில் வெர்னியர் வைத்து அளந்து, 'ஓ.டி. இத்தனை மி.மீ., கனம் 1.5 மி.மீ.' என்று தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. இரண்டு இன்ச்சுக்கு ஏற்றினால் பிக்கப் வரும் என்று யாராவது சொல்வார்கள். 1489 சி.சி. எஞ்சினுக்கு அதனால் வருவது சத்தம் மட்டுமே. பழைய அளவைத் தாண்ட வேண்டாம்.

கனத்தைக் கடைத் தராசிலேயே சரிபார்த்துவிடலாம். மி.மீ.யில் வெளி விட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, கனத்தால் பெருக்கி, 0.0249-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 38.1-க்கு 1.5 மி.மீ. குழாய் மீட்டருக்கு 1.37 கிலோ. 1 மி.மீ. குழாய் 0.92 கிலோதான். மூன்று மீட்டரை எடை போட்டு மூன்று கிலோவுக்குக் கீழே காட்டினால் அது கைப்பிடிக் குழாய். அது பார்வைக்கு நன்றாக இருக்கும், 2,000 ஆர்.பி.எம். தாண்டினதும் தகரம் மாதிரி அதிரும், பிறகு ஹேங்கர் (தொங்கவிடும் கொக்கி) பற்ற வைத்த இடத்தில் முடி கனத்தில் விரிசல் விடும்.

வளைவுக்கு மணல் நிரப்பி நெருப்பில் காட்டி வளைப்பது இரும்புக்குச் சரி. 304-ஐ அப்படிச் செந்நிறமாகக் காய்ச்சினால், 450 டிகிரிக்கும் 850-க்கும் நடுவில் அதிக நேரம் நின்று குரோமியம் கார்பைடாகி, வளைவிலேயே அரிப்பு தொடங்கும். ஹைட்ராலிக் பெண்டரில் உள்ளே மேன்ட்ரல் (குழாய்க்குள் தாங்கும் தண்டு) இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கி முட்டை வடிவமாகும். சுலபமான வழி பால் பண்ணைச் சாமான் விற்கிற கடையில் இருக்கிறது. டெய்ரி பெண்டுகள் ஓ.டி. அளவிலேயே வரும், 38.1-லும் 50.8-லும் கிடைக்கும், வளைவில் விட்டம் குறையாது, பெரும்பாலும் 304 அல்லது 316. 90 டிகிரி பெண்டை வெட்டினால் 30-ம் 60-ம் கிடைத்துவிடும். அம்பாசடருக்குப் பின் அச்சைத் தாண்டுகிற வளைவுதான் சிக்கல், அங்கே மூன்று நான்கு துண்டு தேவைப்படும். பழைய பைப்பை, ஓட்டையாக இருந்தாலும், தூக்கிப் போடாமல் கம்பியால் கட்டி வடிவம் கலையாமல் வெல்டரிடம் கொடுக்க வேண்டும். அதுதான் அவருக்கு டிராயிங்.

டப்பாவின் நீளமும் சுற்றளவும் பழையதைவிடக் குறையக் கூடாது. உள்ளே துளைக் குழாயும் சுற்றிப் பஞ்சும் வைத்து நேர்வழியாகச் செய்வது சுலபம், அதைத்தான் செய்து தருவார்கள். பஞ்சு என்ன பஞ்சு என்று கேட்க வேண்டும். ஏ.சி. டக்ட்டுக்குச் சுற்றுகிற மஞ்சள் கிளாஸ் வுல்லைத் திணித்தால் சில மாதத்தில் பொடியாகிப் பின்னால் பறந்துவிடும், சத்தம் படிப்படியாக ஏறும். துளைக் குழாயை ஒட்டி முதலில் எஸ்.எஸ். வுல் ஒரு சுற்று, அதற்கு மேல் நீள இழை கண்ணாடி நூலோ பசால்ட்டோ இருந்தால் நிற்கும். டப்பாவின் ஆகத் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடச் சொல்லுங்கள். தண்ணீர் வடிய அது போதும், அதனால் சத்தம் அதிகமாகாது. மேஸ்திரி சிரிப்பார், போடச் சொல்லுங்கள்.

வெல்டிங்கில் வெளியே தெரியும் மணியின் (ஒட்டிய வரியின்) அழகை வைத்து முடிவு செய்ய முடியாது. 304-ஐ ஆர்கானில் ஒட்டும்போது வெளிப்பக்கத்துக்குத் துப்பாக்கி வழியாக வாயு கிடைக்கும், உள்பக்கம் காற்றோடு கொதிக்கும். குழாயின் இரு முனையையும் டேப்பால் அடைத்து உள்ளேயும் ஆர்கான் விட்டால் உள் மணி வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ வரும். விடாவிட்டால் கருகிய வெல்லப்பாகு மாதிரி கறுப்பாக, சொரசொரவென்று நிற்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். முதல் துண்டு ஒட்டியதும் ஃபோன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்துவிடலாம். இரண்டாவது சிலிண்டர் இணைப்பு இல்லாத பட்டறையில் இதைக் கேட்டுப் பயனில்லை. ஒட்டும்போது உருக்கிச் சேர்க்கிற ஃபில்லர் கம்பி 304-க்கு 308எல். எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டோடு சேருகிற பிளாஞ்ச் (போல்ட் போடும் தட்டு) இரும்பில் இருந்தால் அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் 309எல். ஒட்டிய சூட்டில் பிளாஞ்ச் வளையும், ஆகவே கடைசியில் லேத்தில் அதன் முகத்தைச் சமமாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் ஊதும். இரும்புக்குத் தேய்த்த பிரஷ்ஷை எஸ்.எஸ்.ஸில் தேய்க்க விடக் கூடாது. முதல் மழையிலேயே வெல்டைச் சுற்றி ஆரஞ்சுப் புள்ளி வந்தால் காரணம் அந்த பிரஷ்தான், குழாய் இல்லை.

மாட்டுகிற அன்று அவசரப்பட்டால் உடைவது மேனிஃபோல்டு ஸ்டட் (நட்டு ஏறும் மரைத் தண்டு). மூன்று நாள் முன்பிருந்தே தினம் துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைக்கலாம். பிரிட்டிஷ் மோட்டார் கம்பெனியான பி.எம்.சி. வழிவந்த 1489 சி.சி. எஞ்சினில் அங்குல மரை. 5/16 அங்குல ஸ்டட்டும் எம்8-ம் (8 மி.மீ. மெட்ரிக் மரை) பார்க்க ஒன்று போலவே இருக்கும், எம்8 நட்டு இரண்டு சுற்று ஏறவும் செய்யும், அதற்குப் பிறகு மரை போய்விடும். 1992-க்குப் பின் வந்த இசுசு எஞ்சின் வண்டியில் மெட்ரிக். எதுவானாலும் நட்டு பித்தளையில் இருந்தால் அடுத்த தடவை கழலும். பித்தளை நட்டு, எஸ்.எஸ். பேண்டு கிளாம்ப், காப்பர் கிரீஸ் ஆகியவை பெட்டியில் வைத்துக் கொண்டுவரத் தகுந்தவை. குழாயை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நினைப்பது வீண்.

எஸ்.எஸ். குழாய் சூட்டில் இரும்பைவிட அதிகம் நீளும். இரண்டரை மீட்டர் குழாய் சராசரி 250 டிகிரி ஏறினால் 11 மி.மீ. அளவு நீளும், இரும்பு ஏழரைதான். கியர்பாக்ஸ் அருகே ஒரு பிராக்கெட்டில் முன் பைப்பைக் கட்டிவிட்டு, பின்னால் எல்லாம் ரப்பரில் தொங்க வேண்டும். பின்பக்கத்தையும் பட்டியால் சேஸிஸில் இறுக்கிவிட்டால் எஞ்சின் ஆடுகிற ஆட்டமும் இந்த நீட்சியும் சேர்ந்து மேனிஃபோல்டையே விரிசல் விட வைக்கும். இரண்டு தூண் லிஃப்டில் ஏற்றி மாட்டினால் சக்கரம் தொங்கும், பட்டை ஸ்பிரிங் தளர்ந்து பின் அச்சு கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் அச்சுக்கும் பைப்புக்கும் தாராள இடைவெளி தெரியும், இறக்கி நாலு பேர் உட்கார்ந்ததும் இடிக்கும். பள்ளம் வைத்த ஷாப் வேண்டும் என்றது இதற்காகத்தான்.

மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன் பைப்பில் ஸ்பிரிங் போல்ட்டோடு இருக்கும் உருண்டை இணைப்பை எடுத்துவிட்டு நேர் பிளாஞ்ச் ஒட்ட விடாதீர்கள். எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவதை வாங்கிக்கொள்வதே அந்த இணைப்பு. சென்னையில் 1995 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய பெட்ரோல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு "பழசை நாங்களே வெச்சுக்கறோம், கூலியில கழிச்சுக்கலாம்" என்று சொன்னால் அது சலுகை இல்லை, உள்ளே விலை உயர்ந்த உலோகம் இருக்கிறது.

நாள் கணக்கு இப்படி வரும்: அளவெடுக்கவும் குழாய் வாங்கவும் இரண்டு நாள், டப்பாவும் வெல்டிங்கும் நான்கைந்து நாள், மாட்ட ஒரு நாள். அதன் பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஆறவிட்டு, எல்லா கிளாம்ப்பையும் ஒரு தடவை இறுக்க வேண்டும். ஆக முதல் வாரத்திலேயே தொடங்கினால்தான் மூன்று வாரத்துக்குள் அடங்கும். ஜனவரி பத்துக்கு மேல் ஆரம்பித்தால் பொங்கலுக்கு வெல்டர் ஊருக்குப் போய்விடுவார், திரும்பி வரும்போது உங்கள் ஃப்ளைட் போயிருக்கும்.

கசிவு பார்க்க, ஐடிலில் டெயில் பைப்பை ஈரத் துணியால் சில விநாடி அடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் போதும். பழைய அம்பாசடரின் தரைத் தகட்டில் ஓட்டை இருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கசிவு இருந்தால் புகைச் சோதனையிலும் அளவு தப்பாக வரும். இந்த வயது வண்டிக்கு வரம்பு ஐடிலில் 3 சதவீதம் கார்பன் மோனாக்சைடு. பங்க்கில் இப்போது வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல், அதிலேயே எஞ்சினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவை மெலிந்துவிடும், நேர்வழி சைலன்சர் இன்னும் கொஞ்சம் மெலிக்கும். ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோலைச் சற்று கூட்ட வேண்டும். முன் பைப் முதலில் பொன்னிறமாகி அப்புறம் நீலமாவது பழுது இல்லை, எவர்சில்வர் பாத்திரத்தைக் காயவிட்டால் வருகிற அதே நிறம்தான்.

வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டியது: பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள், முடியாவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். குழாயின் ஓ.டி., கனம், கிரேடு, ஸ்டட் மரை, பேக்கிங் அளவு எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி டேஷ்போர்டுப் பெட்டியில் ஒட்டி வைத்தால், அடுத்த முறை பள்ளத்தில் இறங்குகிற மெக்கானிக் எம்8 நட்டைக் கையில் எடுக்க மாட்டார்.