திருகோணமலை உவர்மலையில வயசானாக்களுக்கான எக்சசைஸ் கிளாஸ், அப்பாவை நாலு மாசம் அனுப்பின அனுபவம்

அப்பாவுக்கு 71 வயசு, ஹாபர்ல வேலை செய்து ரிட்டயர் ஆனவர், இப்பவும் விடிஞ்சா டச் பே கடற்கரையில நடக்கப் போறவர், அதால அவர் நல்ல பிட்டா இருக்கிறார் எண்டுதான் நாங்க எல்லாரும் நினைச்சிட்டிருந்தம். போன மாரிக்குள்ள ஒருநாள் சாமத்தில பாத்ரூமுக்குப் போக எழும்பி, ஈரத்தில வழுக்கி கையை ஊண்டி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சிட்டு. ஆறு கிழமை பிளாஸ்டர். கையோட போச்சே எண்டு அம்மா கோணேசருக்கு நேர்த்தி வச்சவ, ஏனெண்டா எங்கட பெரியப்பா இப்பிடித்தான் விழுந்து இடுப்படியில தொடையெலும்பு முறிஞ்சு, ஒப்பரேஷன் செய்தும் பிறகு கட்டிலை விட்டு எழும்பாம ஏழாம் மாசம் போயிட்டார். எலும்பு பலவீனமாகிறது பொம்பிளையளுக்கு வாற வருத்தம் எண்டு கனபேர் நினைக்கிறம், ஆனா இடுப்பு முறிஞ்சா ஒரு வருஷத்துக்குள்ள சாகிற ஆபத்து ஆம்பிளையளுக்குத்தான் கூட.

முதல்ல வேற ஒரு ஜிம்முக்கு கூட்டிப் போனம், அங்க ட்ரெட்மில்லில ஏத்தி விட்டுட்டு பெடியன் போனைப் பார்த்துக்கொண்டு நிண்டான், அப்பா கம்பியை இறுக்கிப் பிடிச்சபடி 20 நிமிஷம் நடந்தார், நான் பக்கத்தில நிண்டு பயந்ததுதான் மிச்சம். ரெண்டு நாளோட விட்டாச்சு.

இந்த கிளாஸில பழக்கிறவ பிசியோ படிச்ச தங்கச்சி ஒராள். முதல் நாளே கையில்லாத கதிரை ஒண்டில அப்பாவை இருத்தி, ரெண்டு கையையும் நெஞ்சில குறுக்கா வைக்கச் சொல்லி, 30 செக்கனுக்குள்ள எத்தினை தரம் எழும்பி இருக்கேலும் எண்டு எண்ணினவ. அப்பா 8. எட்டாவது தரம் அவரைக் கேக்காமலே கை இறங்கி கதிரைச் சட்டத்தைத் தேடினதை நான் பார்த்தன். அந்த வயசு ஆம்பிளைக்கு 12க்குக் குறைஞ்சா விழுற ஆபத்து இருக்கெண்டு கணக்காம். "ஐயா, நடையை விடாதீங்க, அது நல்லது, ஆனா வழுக்கேக்க உங்களைப் பிடிச்சு நிப்பாட்டுறது தொடையும் கெண்டைக்காலும்தான், அதுக்குத் தனியாப் பழகோணும்" எண்டு சொன்னா. அப்பா ஒண்டும் கதைக்கேல்ல.

நியூசிலாந்தில ஒட்டாகோவில வயசானாக்களுக்கெண்டே உருவாக்கின பயிற்சி முறையைத்தான் இவ செய்விக்கிறா. கணுக்காலில மண் பையைக் கட்டி முழங்காலை நீட்டுறது, குதியை உயர்த்தி நிக்கிறது, தரையில கீறின சோக் கோட்டில ஒரு காலிட குதியை மற்றக் காலிட விரலோட ஒட்ட வச்சு நடக்கிறது, ஒற்றைக்காலில நிக்கிறது. பார்க்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், நான் செய்து பார்த்தன், ஒற்றைக்காலில எனக்கே ஆடிச்சு. சாரத்தோட போகேலாது, கால் தட்டும், அரைக்காற்சட்டை வேணும். 2019ல வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒண்டில எக்சசைஸ் செய்த முதியவர்கள் விழுறது 23 வீதம் குறைஞ்சிருக்கு. 2007ல வந்த ஸ்வீடன் ஆய்வில 2200 ஆம்பிளையளை 50 வயசளவில தொடங்கி 35 வருஷம் பார்த்ததில, உடம்பை அசைக்காம இருந்தவங்களில 100க்கு 20 பேருக்கு இடுப்பு முறிஞ்சிருக்கு, நல்லா விளையாடி ஓடித் திரிஞ்சவங்களில 8 பேருக்குத்தான்.

எனக்குப் பெரிசாப் பட்டது என்னெண்டா எங்கட பாத்ரூமை போட்டோ எடுத்துக்கொண்டு வரச் சொன்னது. பார்த்திட்டு கொமோட்டுக்குப் பக்கத்தில கைபிடி ஒண்டு அடிக்கச் சொன்னா, றப்பர் பாய், இரவில எரியிற சின்ன லைட். பிரஷர் குளிசையை அப்பா எத்தினை மணிக்குப் போடுறார் எண்டு விசாரிச்சு, எழும்பேக்க தலை சுத்துதெண்டதும் டொக்டரிட்ட காட்டச் சொன்னா, அங்க குளிசையை மாத்தினவங்க. இப்ப கட்டில் விளிம்பில ஒரு நிமிஷம் இருந்திட்டுத்தான் எழும்புறார்.

நாலு மாசத்தில கதிரையில 13. போன வெள்ளி கோணேசர் கோயில் ஏற்றத்தில என்ட தோளைப் பிடிக்காம ஏறினார், நான் பின்னால வந்தன், எனக்குக் கண் கலங்கிட்டு.

குறையும் சொல்லோணும். வாசலில ரெண்டு படி, பிடிக்க ஒண்டுமில்ல, மழைக்கு வழுக்கும், இதை அவசரமா சரிசெய்யோணும். காலமை கிளாஸில 12 பேருக்கு ஒரே ஒராள், புதுசா வாறவருக்கு அது காணாது, முதல் ரெண்டு கிழமை வீட்டுக்காரர் ஒராள் கூட நிண்டா நல்லம். மாசம் 3000 ரூபா, எனக்கு அது கூடவாத் தெரியேல்ல.

செவ்வாய், வியாழன், சனி காலமை 6 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் இருக்கு, நோன்பு காலத்தில நேரம் மாறும், கேட்டுட்டுப் போங்க. போடுற குளிசை எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டுபோங்க, கதிரையில இருத்த முதல் அதைத்தான் கேப்பா.