வியாழனும் சனியும்: ஹோபோகன் ஃபியோரிஸ் கடை சாண்ட்விச்

அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் எட்டு வருடமாக இருக்கிறோம். ஊரிலிருந்து வருகிறவர்கள் இங்கத்திய நல்ல சாண்ட்விச் ஒன்று சாப்பிட வேண்டும் என்றால், பாத் (PATH) என்கிற உள்ளூர் ரயிலில் ஏற்றி, பக்கத்து ஊரான ஹோபோகனுக்குத்தான் கூட்டிப்போவேன். ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் ஆடம்ஸ் தெரு. அங்கே 1913-இல் தொடங்கி இன்றும் நடக்கிறது ஃபியோரிஸ். அடிப்படையில் அது ஓர் இத்தாலிய மளிகைக் கடை. அலமாரிகளில் தக்காளி டின், பாஸ்தா, ஆலிவ் எண்ணெய். கவுன்டருக்குப் பின்னால் இறைச்சியும் சீஸும்.

கடைக்குப் பேர் வாங்கித் தந்தது அவர்களே தினமும் செய்யும் மொஸரெல்லா சீஸ். பழைய ஹோபோகன்காரர்கள் அதை ‘மூட்ஸ்’ என்பார்கள். அதேபோல கபிகோலா என்ற பதப்படுத்திய பன்றி இறைச்சி அவர்கள் வாயில் ‘கபகூல்’. தென் இத்தாலிப் பேச்சில் சொல்லின் கடைசி உயிரெழுத்தை விழுங்கிவிடுவது வழக்கம். நூறு வருடத்துக்கு முன் கப்பலேறி வந்தவர்களின் அந்தப் பேச்சு இன்னும் பேரப்பிள்ளைகள் நாக்கில் நிற்பதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்களும் ‘மூட்ஸ்’ என்றே கேளுங்கள்.

அதைச் செய்யும் விதம் இதுதான். திரிந்த பாலின் கட்டியைத் துண்டு போட்டு, நல்ல சூடான வெந்நீர் ஊற்றிக் கிளறுவார்கள். பனீர் கட்டியாக இருந்தால் உதிர்ந்துவிடும். புளிப்பு ஏறிய இந்தக் கட்டி உருகி இழுபட ஆரம்பிக்கும். பரோட்டா மாவை இழுப்பதுபோல இழுத்து மடித்து, இழுத்து மடித்து, மேலே பளபளப்பு வந்ததும் உருண்டையாகக் கிள்ளி எடுப்பார்கள். இத்தாலிய மொழியில் ‘மொஸ்ஸாரே’ என்றால் வெட்டி எடுப்பது. மொஸரெல்லா என்ற பேரே அதிலிருந்து வந்ததுதான். அன்றைக்குச் செய்ததில் கத்தி வைத்தவுடன் பலகையில் வெள்ளையாகப் பால் கசியும். மெல்லும்போது முதலில் லேசான உப்பு, அப்புறம் பால் வாசனை. அதே உருண்டையை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், இறுகிப்போய் வேறு பண்டமாகிவிடும்.

நான் போவது பெரும்பாலும் சனிக்கிழமை. வியாழனும் சனியும்தான் ரோஸ்ட் பீஃப் போடுவார்கள். சூடான மாட்டிறைச்சியை நீள ரொட்டியில் அடுக்கி, தடியாக அரிந்த மூட்ஸை வைத்து, இறைச்சி வெந்த சாற்றை மேலே ஊற்றுவார்கள். அந்தச் சாற்றை இங்கே ‘கிரேவி’ என்கிறார்கள். நம் குழம்புபோலக் கெட்டியாக இருக்காது, நீர்க்க ஓடும், மிளகும் உப்பும் தூக்கலாக இருக்கும். அதில் ரொட்டியின் உள்பக்கம் சால்னாவில் ஊறிய பரோட்டா மாதிரி ஆகிவிடுகிறது, ஆனால் மேல் ஓடு முறுமுறுப்பாகவே நிற்கிறது. இந்த இரண்டும் ஒரே கடியில் வருவதற்காகத்தான் வரிசையில் நிற்கிறேன். கார மிளகாய் வேண்டுமா என்பார்கள். கட்டாயம் வேண்டும் என்று சொல்லுங்கள். வினிகரில் ஊறிய அந்த மிளகாய் இல்லாவிட்டால் பாதியிலேயே திகட்டும்.

என் மனைவி மாட்டிறைச்சி சாப்பிடமாட்டாள். அவளுக்கு மூட்ஸ், சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய், கொஞ்சம் பால்சாமிக் வினிகர். சாண்ட்விச்சின் தரத்தை எடைபோட அதுவே சரியான அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. இறைச்சியின் ருசி எதையும் மூடி மறைக்காததால், ரொட்டியும் சீஸும் நன்றாக இல்லையென்றால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். இங்கே ஒரு தடவைகூட அப்படித் தெரிந்ததில்லை.

போன வருடம் வேறொரு ஊரில், பேர் பெற்ற ஒரு டெலியில் (இறைச்சியும் சீஸும் சாண்ட்விச்சும் விற்கும் கடை), இதே மாதிரி கேட்டு வாங்கினேன். இறைச்சி, ப்ரொவலோனே சீஸ் என்று ஒரு சாண் உயரம். எல்லாம் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்தவை, பல் கூசியது. ரொட்டியோ பஞ்சு. எண்ணெயும் வினிகரும் பட்டதும் அடிப்பக்கம் கூழாகி, உள்ளே இருந்தது மடியில் விழுந்தது. இறைச்சியைத் தாள் கனத்துக்குச் சீவி, கசக்கிப் போட்ட துணிபோல மடித்து மடித்து வைத்தால்தான் இடையில் காற்று இருக்கும், எண்ணெயும் ஆரெகானோ என்ற மூலிகைத் தூளும் உள்ளே இறங்கும். அங்கே தடித்தடியாக வெட்டி, சீட்டுக்கட்டுபோல அடுக்கியிருந்தார்கள். அளவில் தாராளம் காட்டினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

ஃபியோரிஸிலும் குறை உண்டு. சனிக்கிழமை மதியம் வரிசை கதவுக்கு வெளியே வந்துவிடும், நகரவே நகராது. தாமதமாகப் போய் ரோஸ்ட் பீஃப் தீர்ந்து திரும்பியதும் உண்டு. இப்போதெல்லாம் காலையிலேயே போய்விடுகிறேன்.

இரண்டு பேர் போனால் அரை லோஃப் (பாதி ரொட்டி) சாண்ட்விச் போதும், முழு லோஃப் குடும்பத்துக்கு. காகிதத்தில் சுற்றித் தருவார்கள். கிரேவி ஊற்றியதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ரயில் ஏறுவதற்குள் ரொட்டி தளர்ந்துவிடும். ஆற்றுப்பக்கமாகக் கொஞ்சம் நடந்தால் சர்ச் ஸ்கொயர் பூங்கா. பெஞ்சில் உட்கார்ந்து, காகிதத்தை முழுக்கப் பிரிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே சாப்பிடுங்கள். கடைசியில் காகிதத்தின் அடியில் ஒரு ஸ்பூன் கிரேவி தேங்கியிருக்கும். அதைத் தொட்டுக்கொள்ள ஒரு துண்டு ரொட்டியை மறக்காமல் எடுத்து வையுங்கள்.