திட்டு வாங்கிய நாள் மட்டும் எழுதிய ஏடு: டாஸ்மேனியக் கைதிப் பதிவுகளோடு ஆறு வருஷம்

மாமியார் வீட்டில் ஒரு கதை உண்டு. என் மனைவியின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா இங்கிலாந்திலிருந்து வந்த கல்தச்சர், ஆஸ்திரேலியாவின் தீவான டாஸ்மேனியாவில் ராஸ் ஊர்ப் பாலத்துக்குக் கல் செதுக்கியவர் என்பார்கள். அந்தக் காலத்தில் பிரிட்டன் தன் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய தீவு அது. கைதி என்ற சொல்லே அந்தக் கதையில் வராது. அந்தக் கல்தச்சரைத் தேடித்தான் ஆறு வருஷத்துக்கு முன் டாஸ்மேனிய நூலகத்தின் பெயர் அட்டவணைக்குள் போனேன்.

இணையத்தில் இலவசம். பெயரைத் தட்டினால் கைதியின் நடத்தைப் பதிவேட்டுப் பக்கம் படமாகவே திறக்கும். ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள் என்பதால், வந்த கப்பலின் பெயர் கையில் இல்லாமல் தேடாதீர்கள். ஏடுகளுக்கு வரிசை எண் உண்டு: ஆண்களுக்கு சிஓஎன் (CON) 31, 1840-க்குப் பிந்திய புரொபேஷன் முறையில் (முதலில் அரசாங்கக் கும்பல்களில் வேலை வாங்கும் முறை) வந்தவர்களுக்கு 33. பெண்களுக்கு 40, 41. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் போயிற்று. கையெழுத்துக்குப் பழக இன்னும் மூன்று மாதம். இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருப்பார்கள், பாதிச் சொல் சுருக்கெழுத்து. ஒரு நோட்டில் அந்த எழுத்தரின் எழுத்துகளை மட்டும் வரிசையாக வரைந்து வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் வேகம் கூடியது.

முதல் ஏமாற்றம் தொழில் கட்டத்தில். கல்தச்சர் இல்லை, உழவர். பால் கறக்கவும் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். திருட்டுக்கு 7 வருஷத் தீவாந்தர தண்டனை, வந்திறங்கியது 1833. ராஸ் பாலம் 1836-இல் முடிந்தது, அதன் 186 சிற்பக் கற்களுக்குப் பின்னால் இருந்த டேனியல் ஹெர்பெர்ட், ஜேம்ஸ் கோல்பெக் இருவருமே கைதிகள்தான், வேலைக்குப் பரிசாக மன்னிப்பும் பெற்றார்கள். நம்மவர் அந்தப் பக்கம் போனதற்கு ஒரு வரிகூட இல்லை.

சரி, அப்படியென்றால் என்ன வேலை பார்த்தார்? இங்கேதான் இந்த ஏட்டின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அது வேலையைப் பதிய வைத்த ஏடு அல்ல. அப்போது தீவை ஆண்ட கவர்னர் ஆர்தர் காலத்தில் பெரும்பாலான கைதிகளைக் குடியேறிகளிடம் சம்பளமில்லாமல் ஒப்படைத்தார்கள். சோறு, துணி, படுக்க இடம் எஜமானர் பொறுப்பு. ஆனால் எஜமானர் தானே அடிக்கக் கூடாது, மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போக வேண்டும். அப்படிக் கூட்டிப்போன நாள் மட்டுமே ஏட்டில் ஏறும். ஒழுங்காக உழுத முந்நூறு நாளும் வெறும் வெள்ளைத்தாள்.

ஆகவே குற்றத்திலிருந்து வேலையைப் பின்னோக்கிப் படிக்கப் பழகினேன். "எஜமானரின் ஆடுகளைக் கவனிக்காமல் விட்டது, 25 கசையடி" என்று 1835-இல் ஒரு வரி. அடி வாங்கியது பாவம்தான், ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் உழவர் மேய்ப்பராக மாறியதே எனக்குத் தெரிந்திருக்காது. வரியின் முடிவில் மாஜிஸ்திரேட்டின் முதலெழுத்துகள் இருக்கும். அதை வைத்து எந்த வட்டாரம் என்று பிடிக்கலாம். எங்களுக்குக் கிடைத்தது பாத்வெல் வட்டாரம். இன்னொன்றும் கவனித்தேன். அறுவடை மாதமான ஜனவரியில் (அங்கே அப்போது கோடை) மாட்டினால் அவருக்குக் கசையடி, குளிர்காலத்தில் அதே குற்றத்துக்குச் சாலைக் கும்பல், அதாவது சாலை போடும் கைதிக் கூட்டம். அடித்தால் மறுநாள் ஆள் வேலைக்குத் திரும்பிவிடுவான், கும்பலுக்கு அனுப்பினால் அறுவடைக்குக் கை குறையும். அதுதான் கணக்கு என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய மனைவியும் கைதி. அவர் பக்கம் இன்னும் கடினம். வீட்டு வேலைக்காரி என்று ஒரு சொல், பிறகு எதிர்த்துப் பேசியதற்காக ஹோபார்ட்டில் கேஸ்கேட்ஸ் பெண்கள் சிறைக்கு, 'துணி துவைக்கும் தொட்டிக்கு' என்று ஒரு வரி. வெளியே கூலிக்குச் செய்கிற வேலை, உள்ளே தண்டனை!

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களைத் தேடலாம். தப்பியோடியவர் அறிவிப்பு கிடைத்தால் உயரம், தொழில், யாரிடமிருந்து ஓடினார் என்பது வரை வரும். எழுத்துகளை இயந்திரம் படித்திருப்பதால் பெயரை நாலைந்து விதமாகத் தப்பும் தவறுமாகத் தட்டிப் பாருங்கள். டிஜிட்டல் பனாப்டிகான் என்ற தளம் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கானது. எங்கள் ஆள் இங்கிலாந்தில் வேறு கவுண்டி (மாவட்டம்). பணம் கட்டிச் சேர்ந்த ஒரு வம்சாவளித் தளத்தில் அதே பெயருள்ள வேறொருவரின் சவுக்கடிகளையும் நம்மவர் கணக்கில் சேர்த்திருந்தார்கள். மறு வருஷம் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

விடுதலைச் சான்று 1840. அதோடு கைதி ஏடு மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு உதவியது பிறப்புப் பதிவு. 1838 டிசம்பரில் அங்கே அது தொடங்கிவிட்டது, தகப்பன் தொழிலுக்கு ஒரு கட்டம் உண்டு. முதல் பிள்ளைக்குக் கூலியாள், மூன்றாவதுக்கு மேய்ப்பர், ஐந்தாவதுக்கு விவசாயி. அச்செடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்றையும் பார்த்தவர், "அப்போ பாலம்?" என்று மட்டும் கேட்டார்.