முட்டம் பாறையா, மாத்தூர் தொட்டிப்பாலமா? முதல் ராக் வீடியோவுக்கு எதைப் பார்த்துப் படிப்பது

எங்கள் நாலு பேர் பேண்டின் முதல் பாட்டுக்கு வீடியோ எடுக்கலாம் என்று பேச்சு வந்ததுமே முட்டம் பாறை, முப்பந்தல் காற்றாலை, திற்பரப்பு அருவி என்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து இடங்களாகத்தான் பட்டியல் போட்டோம். பாட்டில் என்ன நடக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் மூன்று ராக் வீடியோக்களைச் சத்தத்தை நிறுத்திவிட்டு, நோட்டில் ஷாட்டை எண்ணிக்கொண்டே திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றிலும் இடம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

முதலாவது நிர்வாணா என்ற அமெரிக்க ராக் பேண்டின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்', 1991, இயக்கம் சாமுவேல் பேயர். பள்ளி உள்விளையாட்டு அரங்கு போல ஒரு செட், புகை, மஞ்சள் வெளிச்சம், கேலரியில் பிள்ளைகள். தொடக்கத்தில் ஒரு கால் மட்டும் தாளம் போடுகிறது, முடிவில் கூட்டமே இறங்கி வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. மணிக்கணக்காக உட்காரவைத்துச் சலித்துப்போனவர்களைக் கடைசியில் அவிழ்த்துவிட்டதால் வந்த வேகம் அது. நாகர்கோவிலில் ஒரு ஹாலும் நாற்பது நண்பர்களும் கிடைத்தால் நம்மாலும் முடியும், ஷாட்டுகள் நிறைய என்பதால் தப்பு வாசித்தாலும் எடிட்டிங்கில் மறைத்துவிடலாம். ஆனால் அத்தனை பேருக்கும் சாப்பாடு, வண்டி, லைட் வாடகை எல்லாம் நம் தலையில்தான்.

ஓகே கோ பேண்டின் 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' (2006) இதற்கு நேர் எதிர். 8 ட்ரெட்மில் (ஓடுபட்டை உடற்பயிற்சி இயந்திரம்) மேல் ஆட்டம், நகராத ஒரே கேமரா, வெட்டே கிடையாது. நடனம் அமைத்தது பாடகரின் சகோதரி த்ரிஷ் சீ. காசை விட ஒத்திகைதான் அதிகம் செலவாகியிருக்கிறது, எங்களிடம் இருப்பதும் அது ஒன்றுதான்.

மூன்றாவது, ரேடியோஹெட் பேண்டின் 'நோ சர்ப்ரைசஸ்' (இயக்கம் கிராண்ட் ஜீ) ஒரே முகம், ஒரே ஷாட், தலையைச் சுற்றிய கண்ணாடிக் கூண்டில் தண்ணீர் ஏறி மூழ்கடித்துவிட்டு வடிகிறது. பாடகர் மூச்சடக்கும் நேரத்தைக் குறைக்க அந்தப் பகுதியில் பாட்டை வேகமாக ஓடவிட்டு எடுத்து, பிறகு மெதுவாக்கியிருக்கிறார்கள். இந்த உத்தி போனிலேயே வரும்: விநாடிக்கு 50 ஃப்ரேமில் (படத்தில்) எடுத்து 25-இல் ஓட்டுங்கள், எடுக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் போட்டு வாயசையுங்கள், உதடு பாட்டோடு பொருந்தும், முடியும் சட்டையும் மட்டும் மிதக்கும். முட்டத்துக் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது, சும்மா பாறை மேல் கிட்டாரோடு நிற்பதற்கு முட்டம் வேண்டாம்.

(ஆ-ஹா பேண்டின் 'டேக் ஆன் மீ' வீடியோவில் அசையும் பென்சில் படங்களையும் ஒருவர் சொன்னார். ஆயிரக்கணக்கில் வரைய வேண்டும். விட்டுவிட்டோம்.)

நான் ஓகே கோ பக்கம். ஆனால் ட்ரெட்மில்லைக் காப்பியடிக்க அல்ல, வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் தண்ணீரைத் தொட்டியில் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போக. பறளியாற்றுக்கு மேலே 28 தூண்களில் நிற்கும் அந்தப் பாலத்தின் நீளம் 1240 அடி, இயல்பாக நடந்தால் நாலரை நிமிடம், எங்கள் பாட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். பாடகர் ஒரு முனையிலிருந்து நடக்கிறார், கேமரா முன்னால் பின்னோக்கி நடக்கிறது, நடுப்பாலத்தில் கேமரா நிற்க அவர் கடந்து போகிறார், கேமரா திரும்பி அவர் பின்னால் போகிறது, அப்போதுதான் மறுமுனையில் ட்ரம்ஸ் சின்னப் புள்ளியாகத் தெரிந்து, நெருங்க நெருங்கப் பெரிதாகிறது. இங்கே பாலம் வெறும் பின்னணி இல்லை, பாட்டின் நீளமே அதுதான்.

ஒரு சிக்கல் உண்டு. முந்நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பவருக்கு ஸ்பீக்கர் சத்தம் ஒரு விநாடி தாமதமாகத்தான் போய்ச் சேரும், அதைக் கேட்டு அடித்தால் ட்ரம்ஸ் தாளம் தப்பித் தெரியும். அதனால் இரண்டு முனையிலும் தனித்தனி போனில், ஒரே எண்ணிக்கைக்குப் பாட்டைத் தொடங்க வேண்டும். நடைவழி குறுகல், பின்னோக்கி நடப்பவரின் இடுப்பைப் பிடித்து வழிகாட்ட இன்னொருவர் கட்டாயம் வேண்டும். பார்க்க வருகிறவர்களை மறிக்கவும் கூடாது, எனவே அனுமதி வாங்கிக்கொண்டு விடியற்காலை. ட்ரம்ஸைத் தூக்குவதற்கு முன்பு, வருகிற ஞாயிறு வெறுங்கையோடு போய், போனில் பாட்டைப் போட்டு ஒருமுறை நடந்து பார்க்கிறோம்.