தூய மியூசினஸா, கலப்பு மியூசினஸா?

மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 2 சதவீதம்தான் மியூசினஸ் வகை, அதாவது மியூசின் என்ற சளி போன்ற பொருள் சுரந்து நிறைந்த கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்ததும் 'நல்ல வகைதான்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சரி, ஆனால் எந்த மியூசினஸ் என்று கேட்க வேண்டும்.

தூய வகையில் கட்டியின் 90 சதவீதத்துக்கு மேல் மியூசின் இருக்கும். அறுத்தால் வெட்டுமுகம் ஜெல்லி போலப் பளபளக்கும். நுண்ணோக்கியில் வெளிர்நிறச் சளிக்குளத்தில் புற்றணுக்கள் சிறு சிறு கொத்தாக மிதக்கும். அணுக்கள் பெரும்பாலும் இயல்பான அணுக்களிலிருந்து அதிகம் மாறாத, அடக்கமான தோற்றத்தில்தான் இருக்கும். பெரும்பாலும் வயதான பெண்களுக்கு வருவது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) பொதுவாக பாசிட்டிவ், ஹெர்2 (புற்றணு வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) நெகட்டிவ். அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது குறைவு. விளிம்பு உருண்டையாக இருப்பதால் மேமோகிராமில் சாதாரணக் கட்டி என்று ஏமாற்றவும் செய்யும்.

கலப்பு வகையில் மியூசின் பகுதி 10 முதல் 90 சதவீதம் வரை; மீதி பெரும்பாலும் வழக்கமான ஊடுருவும் நாளப் புற்று (பால் நாளங்களைத் தாண்டிச் சுற்றுத் திசுவுக்குள் பரவும், மிகப் பரவலான மார்பகப் புற்று). கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பும் கூடுதல். நோயின் போக்கை அந்த மீதிப் பகுதிதான் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஊசி பயாப்ஸியில் கிடைப்பது ஒரு மெல்லிய துண்டு. அதில் முழுக்க மியூசின் தெரிந்தாலும் கட்டி தூயது என்று உறுதி சொல்ல முடியாது. அறுவை சிகிச்சையில் எடுத்த முழுக் கட்டியையும் பல இடங்களில் வெட்டிப் பார்த்த பிறகே முடிவு. அதனால் முதல் ரிப்போர்ட்டோடு நின்றுவிடாமல், இறுதி ரிப்போர்ட்டில் 'தூய' என்ற சொல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.